ஆறடிக்கு மேல் உயரமா? செஸ்னாவில் ஏறும் முன் சுவரோரம் உட்கார்ந்து அளந்து பாருங்கள்

ஆறடி இரண்டு அங்குலப் பிள்ளை பைலட் பயிற்சிக்குக் கிளம்பினால் வீட்டில் பேச்செல்லாம் கட்டணத்தையும் மருத்துவப் பரிசோதனையையும் சுற்றியே ஓடும். செஸ்னா போன்ற அந்தச் சின்னப் பயிற்சி விமானத்துக்குள் கால் எங்கே போகும், தலை கூரையில் இடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. பல லட்சம் கட்டி, வெளியூர் விடுதியில் போய்த் தங்கி, முதல் நாள் யோக்கை, அதாவது விமானத்தைத் திருப்பும் கைப்பிடிச் சக்கரத்தை, திருப்பும்போது அது தொடையில் முட்டி நிற்கும். அப்போதுதான் விஷயம் தெரியவரும். இதை வீட்டிலேயே, பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். ஒரு சுவர், ஒரு முக்காலி, ஒரு டேப், ஒரு பென்சில் போதும்.

ராயபுரத்திலோ கொடுங்கையூரிலோ இருப்பவர்களுக்கு இந்த வீட்டு அளவெடுப்பு இன்னும் முக்கியம். சும்மா போய் ஏறி உட்கார்ந்து பார்க்க வடசென்னையில் பறக்கும் களம் எதுவும் இல்லை. செங்குன்றம் தாண்டி சோழவரத்தில் போர்க்காலத்தில் போட்ட ஓடுபாதை ஒன்று இருந்தது. பிறகு அது கார், மோட்டார் சைக்கிள் பந்தயத் தடமாகத்தான் பேர் வாங்கியது. அதனால் நம் பக்கத்துப் பிள்ளை முதன்முதலாகக் காக்பிட்டைத் தொடுவதே பெரும்பாலும் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான்.

மூன்று அளவு

மொத்த உயரம் ஏமாற்றும். 188 செ.மீ. உயரமுள்ள இரண்டு பேரை முக்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒருவர் தலை மற்றவரை விட நாலைந்து செ.மீ. மேலே நிற்கலாம். ஒருவருக்கு நீளம் முதுகில் இருக்கும், இன்னொருவருக்குக் காலில் இருக்கும். காக்பிட்டில் இந்த இரண்டு பேருக்கும் வரும் தொல்லை வேறு வேறு. முதுகு நீண்டவருக்குத் தலைக்கு மேல் இடம் போதாது. கால் நீண்டவருக்கு முழங்கால் டாஷ்போர்டின் அடியிலும் யோக்கிலும் போய் முட்டும்.

முதல் அளவு, உட்கார்ந்த உயரம். மெத்தை இல்லாத கட்டையான முக்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிட்டம், தோள், பின்மண்டை மூன்றும் சுவரில் படும்படி நிமிர்ந்து உட்காருங்கள். பார்வை நேராக இருக்கட்டும். தம்பியையோ அம்மாவையோ ஒரு தடித்த நோட்டைத் தலையில் படுக்கவைத்துச் சுவரில் கோடு போடச் சொல்லுங்கள். முக்காலியின் மேற்பரப்பிலிருந்து கோடு வரை அளந்தால் வருவதுதான் உட்கார்ந்த உயரம். இதைக் காலையில் எழுந்தவுடன் எடுங்கள். நாள் முழுக்க நடமாடினால் முதுகெலும்பு ஒரு செ.மீ. அளவுக்கு அமுங்கிவிடும். சாயங்கால அளவை நம்பிப் போனால் காலை ஏழு மணிப் பறப்பில் தலை இடிக்கும்.

இரண்டாவது, தொடை. அதே முக்காலியில் பிட்டம் சுவரை ஒட்ட, முழங்கால் செங்கோணமாக மடங்கியிருக்க, சுவரிலிருந்து முழங்கால் சில்லின் முன்பக்கம் வரை.

மூன்றாவது, கால் நீளம். தரையில் சுவரோரம் உட்கார்ந்து காலை நேராக நீட்டுங்கள். சுவரிலிருந்து உள்ளங்கால் வரை எவ்வளவு என்று பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. இந்திய விமானப்படை தன் பைலட்டுகளுக்கு உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ., கால் நீளம் 99 முதல் 120 செ.மீ., தொடை அதிகபட்சம் 64 செ.மீ. என்று வைத்திருக்கிறது. போர் விமானத்தில் இருக்கையோடு வெளியே எறியப்படும்போது முழங்கால் முன்சட்டத்தில் அடிபடக்கூடாது. தொடைக்கு வரம்பு வைப்பதில் அந்தக் கணக்கும் உண்டு. சிறு விமானத்தில் அப்படி வெளியே எறியும் இருக்கை கிடையாது. ஆனாலும் உங்கள் எண் இந்த வரம்பைத் தாண்டினால் எந்த விமானத்தில் பயிற்சி என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சேருங்கள். உட்கார்ந்த உயரத்தோடு ஹெட்செட்டின் மேல்பட்டைக்கு இரண்டு மூன்று செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே மூடிய முஷ்டி ஒன்று நுழையும் இடம் வேண்டும். மே மாத மதியத்தில் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றில் விமானம் தூக்கிப் போடும்போது அந்த முஷ்டி அளவு இடம்தான் மண்டையைக் காப்பாற்றும்.

எந்த விமானம்

நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் செஸ்னா 152, செஸ்னா 172, பைப்பர் ஆர்ச்சர், டயமண்ட் டிஏ40 போன்றவற்றைப் பார்க்கலாம். உயரமானவருக்கு இவை ஒன்றுபோல இல்லை.

152-இன் உள் அகலம் சுமார் 96 செ.மீ. அதில் இரண்டு பேர் உட்கார வேண்டும். வீட்டில் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே 96 செ.மீ. விட்டு, அண்ணனோடு தோளோடு தோள் உட்கார்ந்து பாருங்கள். டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறிப் பழகியவர்களுக்கு அந்த நெருக்கம் புதிதல்ல. ஆனால் ஷேர் ஆட்டோவில் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், இங்கே இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. இரண்டு இருக்கைகளையும் ஒரே கோட்டில் வைக்காதீர்கள். இருக்கை தரையிலுள்ள தண்டவாளத்தில் துளைக்குத் துளை நகரும். உயரமானவர் இருக்கை இரண்டு துளை பின்னால் போனால் அவர் தோள் மற்றவர் தோளுக்குப் பின்னால் போய்விடும், இடிக்காது. பயிற்சியாளரிடம், "சார், என் சீட்ட ரெண்டு ஹோல் பின்னாடி போட்டுக்கட்டுமா? தோள் இடிக்குது" என்று கேட்டால் யாரும் மறுக்கப்போவதில்லை.

172 சுமார் 100 செ.மீ. அகலம். 152-ஐ விட நாலு செ.மீ. அதிகம், அவ்வளவுதான். ஆனால் இருக்கை பின்னால் போகும் தூரம் அதிகம். 172ஆர், 172எஸ் மாதிரிகளில் இருக்கையின் உயரத்தையும் மாற்றலாம். ஆர்ச்சர் சுமார் 105 செ.மீ. அதற்கு ஒரே கதவு, அதுவும் வலப்பக்கம். இறக்கை மேல் ஏறி வலது இருக்கை வழியாக இடது இருக்கைக்கு நகர்ந்து போக வேண்டும். அதில் எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகி இடது சுவரில், இடது காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீண்ட கால்காரர் முழங்கால் அதை மறைக்கும். காலை ஒதுக்காமல், குனியாமல் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க முடிகிறதா? ஏறிய முதல் நாளே பார்த்துவிடுங்கள். டிஏ40-இல் இருக்கை நகராது, பெடல்தான் முன்னும் பின்னும் போகும். அகலம் சுமார் 114 செ.மீ., கால் வைக்கவும் தாராளம். ஆனால் உட்கார்ந்த உயரம் அதிகமானால் இருக்கையைக் கீழே இறக்க வழியில்லை, தலைக்கு மேல் கண்ணாடி மூடிதான். ஆக, கால் நீண்டவருக்கு டிஏ40 நல்லது. முதுகு நீண்டவருக்கு உயரம் மாற்றக்கூடிய 172 நல்லது. 152-ஐ இரண்டு பேருக்குமே சிபாரிசு செய்யமாட்டோம். வேறு விமானம் இல்லாத பள்ளி என்றால் ஒல்லியான பயிற்சியாளரைக் கேட்டு வாங்குங்கள்.

எடை

உயரமும் எடையும் கூடவே வரும். 152-இன் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 757 கிலோ. ரேடியோ எல்லாம் பொருத்திய வெறும் விமானம் 530 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உண்மையான எண் அந்த விமானத்தின் எடைச் சான்றில் இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். மீதி 227 கிலோ. முழுத் தொட்டியில் பயன்படும் எரிபொருள் 24.5 அமெரிக்க கேலன், அதாவது 67 கிலோ. இரண்டு ஆளுக்கும் சேர்த்து மிஞ்சுவது 160 கிலோதான். மாணவர் 92, பயிற்சியாளர் 85 என்றால் 177 ஆகிவிடும். 17 கிலோ அதிகம். அதைக் குறைக்க எரிபொருளில் சுமார் 24 லிட்டரை விட வேண்டும். அது ஏறக்குறைய ஒரு மணி நேரப் பறப்பு.

இந்தக் கணக்கைப் போடாமல் "எல்லாரும் பறக்கிறாங்களே" என்று ஏறுவது ஆபத்து. சென்னை வெயிலில் காற்று மெலிந்திருக்கும், இறக்கைக்குப் பிடி குறையும், ஓடுபாதையில் ஓட்டம் நீளும். இதெல்லாம் எடை அதிகமானவரைத்தான் முதலில் பிடிக்கும்.

இருக்கையைப் பின்னால் தள்ளினால் விமானத்தின் எடை மையமும் பின்னால் போகும். 172-இன் கையேடு, விமானத்தின் முன்பக்கக் குறிப்புக் கோட்டிலிருந்து சராசரி ஆளின் இருக்கை இருக்கும் தூரத்தை 37 அங்குலம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. உண்மையில் அது 34 முதல் 46 வரை நகரும். 92 கிலோ ஆள் நாலு அங்குலம் பின்னால் போனால் 368 கிலோ-அங்குலம் கூடும். மொத்த எடை 1000 கிலோ என்றால் எடை மையம் 0.37 அங்குலம் பின்வாங்கும். தனியாகப் பார்த்தால் சிறியதுதான். பின் இருக்கையிலும் சாமான் அறையிலும் பாரம் ஏறும் நாளில் அதுவே வரம்பைத் தாண்டவைக்கும். அதனால் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்ப்பதோடு விடாமல், உங்கள் இருக்கையின் உண்மையான தூரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஏறும்போது

செஸ்னாவின் இறக்கை மேலே இருக்கிறது. அதன் பின் ஓரத்தில் உள்ள ஃப்ளாப் தகடு ஆறடிக்காரரின் நெற்றிக்கு நேர் மட்டம். விமானத்தைச் சுற்றிப் பரிசோதிக்கும்போது எரிபொருள் வடித்துப் பார்க்கக் குனிந்தவர் சட்டென்று நிமிர்வார், நெற்றியில் கீறல் விழும். உயரமான பைலட்டுகளுக்கு உலகமெங்கும் விழும் தழும்பு இது. தொப்பியின் முன்விளிம்பு மேலே இருப்பதை மறைத்துவிடும், அதனால் இன்னும் மோசம். சுற்றிப் பார்க்கும்போது தொப்பியைத் திருப்பிப் போடுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். இறக்கைக்கு அடியில் போனால் ஒரு கையை உயர்த்தி விளிம்பைத் தொட்டுக்கொண்டே நடக்கப் பழகுங்கள்.

உள்ளே போக, முதலில் இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளுங்கள். பிட்டத்தை முதலில் வைத்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே இழுங்கள். யோக்கைப் பிடித்துத் தொங்காதீர்கள், கதவுத் தூணைப் பிடியுங்கள்.

இருக்கை

இந்த இடத்தில் அவசரமே கூடாது.

வரிசை இப்படி: முதலில் உயரம், அடுத்து முன்பின் தூரம், பிறகு முதுகுச் சாய்வு, கடைசியில் பெல்ட். முன்பின் தூரத்தைப் பெடலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், கால் நீட்டும் சுகத்தை வைத்து அல்ல. குதிகால் தரையில் இருக்க, பாதத்தின் முன்பந்து பெடலின் கீழ்ப்பகுதியில் படட்டும். இடது பெடலை முழுக்க மிதியுங்கள். கால் கடைசியில் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். முழுக்க நீண்டு விறைத்தால் ஒரு துளை முன்னால் வாருங்கள். அதே மாதிரி வலது. பிறகு தோள்பெல்ட் மாட்டிய நிலையிலேயே யோக்கை முழுக்க முன்னால் தள்ளிப் பாருங்கள். சுழன்று விழும் விமானத்தை மீட்க முழு ரட்டரும் (பெடலை மிதித்தால் திரும்பும் வால் தகடு) யோக்கை முன்னால் தள்ளுவதும் சேர்ந்து வேண்டும். உயரமானவர்கள் செய்யும் பெரிய தப்பு, முழங்கால் சுகத்துக்காக இருக்கையைக் கடைசி வரை தள்ளிவிடுவது. அப்போது சாதாரணப் பறப்பில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். முழு வீச்சு தேவைப்படும் நேரத்தில் கை எட்டாது.

அடுத்து, யோக்கை வயிறு வரை முழுக்க இழுத்து இடது கடைசி, வலது கடைசி இரண்டுக்கும் திருப்புங்கள். அதன் கீழ்முனை தொடையில் முட்டினால் முழங்காலை வெளிப்பக்கம் சாயுங்கள். அப்படியும் முட்டினால் இருக்கையை ஒரு துளை நகர்த்துங்கள், அல்லது உயரத்தைக் குறையுங்கள். டிஏ40-இல் யோக்குக்குப் பதில் தொடைகளுக்கு நடுவே கம்பு. அங்கே கம்பு உள்தொடையில் மோதுகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையை நீபோர்டு (தொடையில் கட்டிக்கொள்ளும் எழுதுபலகை) கட்டிய பிறகு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். வெறும் தொடைக்கு இடமிருக்கும், இரண்டு செ.மீ. தடித்த பலகை ஏறியதும் இடம் போய்விடும். நீளத் தொடைக்காரர் பெரிய நீபோர்டை விட்டுவிட்டு, பாதி அளவுக் காகிதம் வைக்கும் மெல்லிய பலகையை முழங்காலுக்கு அருகில் கட்டுவது நல்லது. சாவிக்கொத்தும் அப்படித்தான். பைக் சாவி, வீட்டுச் சாவியோடு சேர்த்து மாட்டினால் அது தொங்கி முழங்காலில் உரசும். விமானச் சாவி தனியாக இருக்கட்டும்.

இப்போது சீட் ரெயில். செஸ்னாவின் இருக்கை இரண்டு தண்டவாளங்களின் மேல் ஓடுகிறது. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தண்டவாளம் தேய்வது பற்றிச் சொல்லித் தர வேண்டாம். தண்டவாளத்தில் சுமார் ஒரு அங்குலத்துக்கு ஒரு துளை, துளைக்குள் ஒரு பின் (pin, சிறு உலோக முளை) விழுந்து இருக்கையைப் பூட்டுகிறது. வருஷக்கணக்கில் இருக்கை முன்னும் பின்னும் போய்த் துளை வாய் அகன்றுவிடும், பின்னின் நுனி மழுங்கிவிடும். அப்போது பின் துளைக்குள் போனது போலத் தோன்றும். உண்மையில் விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கும். புறப்படும்போது மூக்கு மேலே தூக்க, இருக்கை சரசரவென்று பின்னால் ஓடும். ஓட்டுபவர் பிடிமானத்துக்கு யோக்கையே இழுப்பார், மூக்கு இன்னும் மேலே போகும், வேகம் செத்து விமானம் விழும். உயிர்களே இப்படிப் போயிருக்கின்றன. அதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் செஸ்னா சீட் ரெயில்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கச் சொல்லி ஆணை போட்டது, 2011-இல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. அந்த முளை துளைக்குள் குறைந்தது 0.15 அங்குலம், அதாவது 3.8 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும் என்பது அதில் உள்ள அளவு. கிட்டத்தட்ட இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தின் தடிமன்.

இந்த அளவெடுப்பு பராமரிப்புப் பொறியாளர் வேலை. உங்கள் வேலை இது: கைப்பிடியை விட்டதும் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கைப்பிடி தன் இடத்துக்கு முழுக்கத் திரும்பியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு காலையும் தரையில் ஊன்றி, உடம்போடு இருக்கையை முன்னும் பின்னும் பலமாக உலுக்குங்கள். ஒருமுறை போதாது, மூன்று முறை. கடைசித் துளையில் உட்காருபவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தண்டவாளத்தின் பின்முனையில் இருக்கை வெளியே ஓடிவிடாமல் தடுக்கும் குறுக்குத் தடுப்பு இருக்கிறதா? அது இல்லாவிட்டால் அந்த விமானத்தில் அன்று பறக்காதீர்கள். சில விமானங்களில் பைலட் இருக்கைக்கு இரண்டாவது பாதுகாப்பாகப் பெல்ட் மாதிரியான தடுப்புச் சுருள் பொருத்தியிருப்பார்கள். இருந்தால் அது வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.

அப்படியும் பறக்கும்போது நழுவினால்? யோக்கை விட்டுவிடுங்கள். கதவுத் தூணையோ மேல் விளிம்பையோ பிடித்து முன்னால் வாருங்கள். பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தால் அவரிடம் உடனே கட்டுப்பாட்டைக் கொடுங்கள்.

சரியான இடம் கிடைத்ததும் முன்னாலிருந்து எத்தனையாவது துளை என்று எண்ணிக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு பறப்பிலும் அதே துளை. இருக்கை ஒரு துளை மாறினாலும் கண்ணின் உயரமும் கோணமும் மாறும். தரையிறங்கும்போது ஓடுபாதை தெரியும் விதம் மாறும். நேற்று சரியாக இறங்கியவர் இன்று இரண்டடி உயரத்திலேயே விமானத்தைத் தளர்த்திவிட்டுத் தொப்பென்று விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தலையும் கண்ணும்

உயரம் மாற்றக்கூடிய இருக்கை என்றால் முழுக்கக் கீழே இறக்கித் தொடங்குங்கள். செஸ்னாவில் உயரமானவரின் கண் இறக்கையின் மட்டத்துக்கே போய்விடும். பக்கவாட்டில் பார்த்தால் வானம் தெரியாது, இறக்கைதான் தெரியும். திரும்பும் முன் எதிரே விமானம் வருகிறதா என்று பார்க்கத் தலையை ஒரு சாண் தாழ்த்த வேண்டும். இதைப் பழக்கமாக்கிக்கொள்ளாவிட்டால் ஆபத்து. முதுகுச் சாய்வை மாற்ற முடிந்தால் அதுவும் உதவும். முதுகு 95 செ.மீ. என்றால், சாய்வு 10 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குப் போகும்போது தலை சுமார் 4 செ.மீ. இறங்கும். அதற்கு மேல் சாய்ந்தால் கை எட்டாது, கழுத்து முன்னால் நீண்டு வலிக்கும். இடுப்பை முன்னால் சறுக்கவிட்டுத் தலையைத் தாழ்த்துவது மட்டும் கூடவே கூடாது. மடிபெல்ட் இடுப்பெலும்பிலிருந்து ஏறி வயிற்றுக்கு வந்துவிடும். மோதினால் குடல் கிழியும்.

தோள்பெல்ட்டையும் கவனியுங்கள். அது தோளுக்குச் சமமாகவோ மேலிருந்தோ வர வேண்டும். பட்டை தோளைத் தாண்டிக் கீழ்நோக்கிப் போனால் மோதலில் அது தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். நீண்ட முதுகுக்காரருக்கு இந்தச் சிக்கல் வரலாம். பராமரிப்புப் பொறியாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

தொப்பியின் உச்சியில் இருக்கும் பொத்தானைப் பிடுங்கிவிடுங்கள். ஹெட்செட் பட்டை அதை மண்டையில் அழுத்தினால் அரை மணியில் தலைவலி வரும்.

காலும் முதுகும்

ஒன்றரை மணி நேரப் பறப்பில் உயரமானவருக்கு முதலில் மரத்துப்போவது கால்தான். இருக்கைப் பலகை சராசரி ஆளுக்காகச் செய்தது. நீளத் தொடையின் முன்பாதிக்கு அடியில் ஒன்றும் இருக்காது, பாரம் முழுக்கப் பிட்டத்து எலும்பில் இறங்கும். பின்பையில் பர்ஸ் இருந்தால் அதன் மேலேயே உட்கார்ந்து காலுக்குப் போகும் நரம்பை நசுக்குவீர்கள். ஏறும் முன் எடுத்துவிடுங்கள். இன்னொரு இடம், முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே உள்ள எலும்பு முண்டு. அதைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு போகிறது. முழங்கால் கதவில் அழுந்தியே கிடந்தால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துவிடும். அந்தக் காலால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. மரத்துப்போனால் காலை நகர்த்துங்கள், அங்கே மடித்த கைக்குட்டையை வைத்து அமுக்கிக்கொண்டு உட்காராதீர்கள்.

செருப்பு விஷயம் ஒரு வரி: 11-ஆம் எண் ஷூவின் நுனி பெடலின் மேல்பாதியில் உள்ள டோ பிரேக்கைத் தானாகவே அழுத்தும், அதனால் மெல்லிய தட்டையான அடி, குறுகிய நுனி, குதிகால் எப்போதும் தரையில்.

முதுகுக்கு, வீட்டில் உள்ள ஈரிழைத் துண்டு ஒன்று போதும். நீளவாக்கில் இரண்டாக மடித்து இறுக்கச் சுருட்டுங்கள், நாலு அங்குலக் குறுக்களவு வரட்டும். இரண்டு ரப்பர் பேண்டு. இடுப்புப் பட்டைக்கு மேலே, தொப்புள் மட்டத்தில், முதுகின் குழிவில் வையுங்கள். சாய்ந்தால் பாதியாக அமுங்கும். அமுங்கவில்லை என்றால் கொஞ்சம் அவிழ்த்துச் சுருட்டுங்கள். தடித்த சுருள் இடுப்பை முன்னால் தள்ளிவிடும். மாதவரம் புறநகர் பேருந்து நிலையத்திலிருந்து நெல்லூருக்கு ஒருமுறை பஸ்ஸில் போய்வரும்போது வைத்துப் பாருங்கள். அந்த நேரம் முழுக்கத் தாங்கினால் பறப்பிலும் தாங்கும். ஒரு எச்சரிக்கை: முதுகு நிமிர்ந்தால் தலை ஒரு செ.மீ. மேலே போகும். சுருளை வைத்த பிறகு தலைக்கு மேல் முஷ்டி வைத்து மறுபடி பாருங்கள்.

தொடைக்கு ஆப்பு வடிவ மெத்தைத்துண்டு உதவும். மெத்தை தைக்கிற கடையில் இப்படிக் கேளுங்கள்: "பாய், நாப்பது டென்சிட்டி ஃபோம்ல பதினாறு இன்ச் அகலம், ஆறு இன்ச் நீளம். முன்னாடி ஒன்றரை இன்ச் தடிப்பு, பின்னாடி சைபர். ஆப்பு மாதிரி வெட்டிக் கொடுங்க." அவர், "கவர் ரெக்சினா, காட்டனா தம்பி?" என்பார். காட்டன் சொல்லுங்கள். ரெக்சின் வியர்வையில் வழுக்கும், துண்டு முன்னால் சறுக்கிப் பெடலுக்கு அடியில் போய்விடும். அடியில் வழுக்காத ரப்பர் வலைத்துணி ஒட்டச் சொல்லுங்கள். இலவம்பஞ்சு வேண்டாம், ஒரு வாரத்தில் அமுங்கிவிடும், சீக்கிரம் தீப்பிடிக்கவும் செய்யும். இந்த ஆப்பு தொடையை ஒன்றரை அங்குலம் வரை தூக்கும் என்பதை மறக்காதீர்கள். யோக் ஏற்கெனவே தொடையை உரசுகிறது என்றால் ஆப்பே வேண்டாம். வைத்தால் யோக் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். சுருளோ ஆப்போ, வைப்பதற்கு முன் பயிற்சியாளரிடம் காட்டி அனுமதி வாங்குங்கள்.

விமானத்தின் சொந்த இருக்கையை மட்டும் தொடாதீர்கள். தலை இடிக்கிறது என்று உள்ளே இருக்கும் ஃபோமை வெட்டுவதும், கடையில் வாங்கிய ஃபோமைத் திணிப்பதும் நடக்கிற காரியங்கள்தான். அந்த ஃபோம் தீக்கு நிற்க வேண்டும். புதுத் தலைமுறை விமானங்களில் மோதலின் அடியை வாங்கி உடம்புக்குக் குறைத்துக் கொடுப்பதும் அதன் வேலை. மிருதுவான தடித்த மெத்தை முதலில் அமுங்கிப் பிறகு உடம்பைத் தூக்கி எறியும், முதுகெலும்புக்கு வரும் அடி கூடத்தான் செய்யும். இருக்கையில் மாற்றம் தேவை என்றால் அங்கீகரித்த வரைவு வேண்டும், உரிமம் பெற்ற பொறியாளர் செய்து ஆவணத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உரிமையாளரே கேட்டாலும் உள்ளூர் மெத்தைக்கடைக்கு அந்த இருக்கை போகக்கூடாது.

தண்ணீர். கூரைக்கு நெருங்கிய தலை சீக்கிரம் சூடாகும். நிறுத்திவைத்த விமானத்துக்குள் கத்திரி வெயிலில் நுழைந்தால் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். ஏறுவதற்கு ஒரு மணி முன்பே அரை லிட்டர் குடித்துவிட்டு, இன்னொரு அரை லிட்டரை உருளாத தட்டைப் பாட்டிலில் கதவுப் பையில் வையுங்கள். காலடியில் வைக்காதீர்கள், சறுக்கிப் பெடலுக்குப் பின்னால் போய்விடும். தரையில் ஓடும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், இரண்டு கதவையும் ஜன்னலையும் புறப்படும் முன் மூடி, தாழ்ப்பாளைக் கையால் தள்ளிப் பாருங்கள்.

இறங்கியதும் உடனே எழுந்து நிற்காதீர்கள். கணுக்காலைப் பத்துச் சுற்று சுழற்றி, காலில் உணர்வு திரும்பிய பிறகு கீழே வையுங்கள். செஸ்னாவின் படியிலிருந்து மரத்த காலோடு குதித்தால் கணுக்கால் பிசகும். வெளியே வந்து நிமிரும்போது மேலே இறக்கை இருக்கிறது.